காது திறந்திருந்த ஒரு மணி நேரம்

எங்கள் காலனி மூன்றாவது வீதியில் மூன்று பேருக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம். மற்ற வீதிகளில் சீட்டு, சினிமா, அரசியல் என்று கௌரவமான பைத்தியங்கள் இருக்கும்போது எங்கள் வீதிக்கு மட்டும் ஏன் இப்படி என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. எண்பத்தேழாம் வருடம், கோயமுத்தூரில் அப்போது வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இவர்கள் மூவரும் அதற்கு ஒரு கிளப் நடத்தினார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆளுக்கொரு பதவி. உறுப்பினர் என்று ஒருவர்கூடக் கிடையாது.

தலைவர் நஞ்சப்பன், மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். செயலாளர் பெனடிக்ட், ரேடியோ ரிப்பேர். பொருளாளர் சம்பூர்ணம். எனக்கு எதிர்வீடு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் விசாரணைப் பிரிவு ஆபரேட்டர், தனியாள், வயது முப்பத்தெட்டு. நான் பட்டறையும் சம்பூர்ணம் வீடும் ஒருசேரக் கண்ணில் படுகிற சரியான இடத்தில் குடியிருப்பவள். ரங்கநாயகி என்று ரேஷன் கார்டில் இருக்கும், வீதிக்கு ரங்காக்கா.

ஞாயிற்றுக்கிழமை டிவி முடிந்ததும் பட்டறையில் கூடுவார்கள். கையில் கம்ப்யூட்டர் இருந்ததா என்றால், நஞ்சப்பனிடம் ஒரு பழைய அருவி-1 இருந்தது. பாதிப் பொத்தான்கள் வேலை செய்யாது. அதைப் பற்றி அவர்கள் பேசியே நான் கேட்டதில்லை. பேச்செல்லாம் அடுத்து வரப்போகும் மாடலைப் பற்றித்தான். சென்னையிலிருந்து வரும் மாதப் பத்திரிகையில் அருவி கம்பெனிக்காரன் அரைப் பக்க அறிவிப்புப் போட்டால் போதும், பெனடிக்ட் அதை மூன்று முறை சத்தமாக வாசிப்பான். நஞ்சப்பன், நீள அகலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே எது எங்கே இருக்கும் என்று சாக்பீஸால் தரையில் வரைவார். சம்பூர்ணம் கம்பெனிக்காரன் சொன்ன தேதியோடு ஐந்து மாதம் கூட்டி, எப்போது வரும் என்று சொல்வாள். பிறக்காத இயந்திரத்துக்கு ஜாதகம் கணித்து, அதில் சண்டையும் போட்டு, வடை தின்றுவிட்டுக் கலைவார்கள்.

அருவி-2 அறிவித்தபோது மட்டும் சத்தம் வேறு மாதிரி இருந்தது. அதற்குக் காதும் வாயும் உண்டு என்று போட்டிருந்தான். அதென்ன காது என்று நான் பெனடிக்டைக் கேட்டேன்.

"தளம் போடறப்ப சிமெண்ட் ஈரமா இருக்குமில்லீங்க்கா," என்றான். "அதுல கோழி நடந்தாக்கூடக் கால் பதிஞ்சுரும். காஞ்சப்புறம் யானையே நடந்தாலும் பதியாது. இதுக்குள்ள இருக்கற சில்லு அப்படித்தான். முதல் தடவை கரண்டு பாய்ஞ்சதுல இருந்து ஒரு மணி நேரம் ஈரம். அந்த நேரத்துல காதுல என்ன விழுகுதோ, அதே குரல், அதே பேச்சு, ஆயுசுக்கும். நாம டைப் அடிச்சா அது பேசும்."

"ஒரு மணி நேரம் கழிச்சு மாத்தோணும்னா?"

"மாத்த முடியாதுங்க்கா."

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். சம்பூர்ணம் சிரிக்கவில்லை. அவள் தொண்டையில் ஒரு கட்டி இருந்ததும், குரல்பெட்டியையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததும் அந்த வாரம் எனக்கே தெரியாது. எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயமுத்தூரில் டெலிபோன் நம்பர் கேட்ட எல்லோருக்கும் அந்தக் குரல் தெரியும், ஆளைத் தெரியாது. பன்னிரண்டு வருடம் அந்தக் குரலிடம் ஊர் முழுக்க நம்பர் வாங்கியது. அருவி-2 தை மாதம் வரும் என்று கம்பெனிக்காரன் சொன்னான். ஆனியில்தான் வரும் என்று இவள் கணக்குப் போட்டாள். டாக்டர் மாசியில் நாள் குறித்துவிட்டார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளப்புக்குப் போகாமல், அறுபது நிமிடக் கேசட் ஒன்றை வாங்கி வந்து, வீட்டுக்குள் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசிப் பதிந்து வைத்தாள். இயந்திரம் வந்ததும் அந்தக் கேசட்டை அதன் காதில் ஓட விடுவது, அப்புறம் ஆயுளுக்கும் அந்தக் குரலில் பேசுவது. அதுதான் திட்டம். ஆபரேஷனுக்குப் பிறகு உலகத்தில் அவள் குரல் இருந்த ஒரே இடம் அந்தக் கேசட்.

சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டு எட்டு மாதம் இருந்தாள். எக்ஸ்சேஞ்சில் அவளைப் பழைய ரெக்கார்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள். இயந்திரமும் கேட்டவருக்கெல்லாம் கிடைப்பதாயில்லை. ஊருக்கு இத்தனை என்று குலுக்கல். மூன்று பேரும் எழுதிப் போட்டார்கள். நஞ்சப்பன் பெயர் விழுந்தது. அந்தக் கடிதத்தை அவர் பிரித்த கையோடு எடுத்துப் போய்ச் சம்பூர்ணத்திடம் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, எனக்கிருக்கிற வாயே போதுமுங்க என்றார். அந்த மனிதரைப் பற்றி அதுவரை நான் சொல்லியிருந்த சில விஷயங்களை அன்றைக்கு மனதுக்குள் வாபஸ் வாங்கினேன்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை லாரி பட்டறை வாசலில் நின்றது. லாரி எங்கே நிற்கிறதோ அங்கே நான் இருப்பேன். பெனடிக்ட் மருந்துக் கடைக்கு ஓடி எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டான். சம்பூர்ணம் எழுதிக் காட்டியதைப் பக்கத்து சீட் அம்மாள் படித்துச் சொன்னாள். 'நான் வரும்வரை யாரும் ஸ்விட்ச் போட வேண்டாம்.' டவுன் பஸ்ஸில் வீடு வந்து, கேசட்டை எடுத்துக்கொண்டு வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

யாரும் ஸ்விட்ச் போடவில்லை. சத்தியமாகப் போடவில்லை. ஆனால் நஞ்சப்பன் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. புதிதோ பழையதோ, எந்த மோட்டார் வந்தாலும் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்காமல் கரண்டு கொடுக்க மாட்டார். இருபது வருடத்துக்கு முன் கம்பெனியிலிருந்து வந்த புது மோட்டாருக்குள் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து கிடந்து, அவர் கை வெந்துபோனது. அன்றிலிருந்து முதலில் மூடி, பிறகுதான் ஸ்விட்ச். அருவி-2க்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், சூடம் காட்டினார்கள், நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் தூக்கினார்கள். மூடியோடு ஒரு மஞ்சள் காகிதமும் ஒட்டிக்கொண்டு வந்தது. பேக்கிங் காகிதம் என்று நஞ்சப்பன் அதைக் கசக்கிப் போட்டார். விளக்கப் புத்தகம் தெர்மோகோலுக்கு அடியில் கிடந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை. மூடியைத் திறக்கும் முன் புத்தகம் படிக்கிற ஆட்களா இவர்கள்.

பிறகு இருவரும் குனிந்து உள்ளே பார்த்தார்கள். 'ம்' என்றார்கள். 'அடடா' என்றார்கள். ஒரு மணி நேரத்தில் அவர்கள் பேசியது அவ்வளவுதான். இரண்டு ஆம்பிளைகள் ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு ஊமையாக நின்றால் எனக்குப் பொறுக்காது. ஒரு காயில் கட்டின் மேல் உட்கார்ந்து நான் பேசினேன். நான்காவது வீதித் தண்ணீர் பற்றி, கவுன்சிலர் மச்சினன் பற்றி, முட்டை விற்கிறவள் பற்றி, என் ஓர்ப்படி வளையல் பற்றி. அப்புறம் சம்பூர்ணத்தைப் பற்றியும்.

"பேச ஆளே இல்லாத வூட்டுக்குப் பேசற மிஷின் எதுக்குங்கறேன்," என்றேன். "வாய் இருந்தப்பவே அந்தம்மிணி யாருகூடப் பேசுச்சு. நெம்பர் சொல்லும், போனை வெச்சுரும்."

விடுங்க்கா என்றான் பெனடிக்ட். நான் விடவில்லை.

சம்பூர்ணம் வந்தபோது வேர்த்துக் கொட்டியிருந்தது. கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்திருந்தாள். திறந்த மூடியைப் பார்த்து நின்றாள். நாங்க ஸ்விட்சே தொடலீங்க என்றார் நஞ்சப்பன் பெருமையாக. அவள் குனிந்து தரையிலிருந்த மஞ்சள் காகிதத்தை எடுத்தாள். விரித்துப் பார்த்தாள். பெனடிக்ட் அப்போதுதான் புத்தகத்தைத் தேடி எடுத்தான். நான்காம் பக்கத்தைப் படித்தவன் முகம் வெளுத்துவிட்டது. பேட்டரிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் கரண்டைத் தடுத்துக்கொண்டிருந்தது அந்தக் காகிதம். மூடியைத் திறந்தால் காதும் திறந்துவிடும்.

பெனடிக்ட் ஸ்விட்சைப் போட்டான். திரையில் ஒரே ஒரு வரி. செவி நிறைவுற்றது.

அவள் நின்றபடியே வணக்கம் என்று டைப் அடித்தாள். இயந்திரம் பேசியது. இழுத்து இழுத்து, மூக்கால், ரேஷன் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றவள் பேசுவது போல ஒரு குரல்.

"வணக்கமெல்லாம் இருக்கட்டுமுங். பேச ஆளே இல்லாத வூட்டுக்குப் பேசற மிஷின் எதுக்குங்கறேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. என்ன திமிர் பாருங்கள் அதற்கு. யாரு தம்பி இது, இப்படி ஒரு குரலு என்று பெனடிக்டைக் கேட்டேன். நஞ்சப்பன் கூரையைப் பார்த்தார்.

"அக்கா," என்றான் பெனடிக்ட். "அது நீங்கதானுங்க்கா."

நான் அப்படித்தான் பேசுவேன் என்று நாற்பத்தாறு வயதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சம்பூர்ணம் அழவில்லை. கேசட்டைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றினாள். இயந்திரத்தை வீட்டில் கொண்டு வந்து வையுங்கள் என்று சிலேட்டில் எழுதினாள். நஞ்சப்பன் இரண்டு நாள் பட்டறை திறக்கவில்லை. கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினார்கள். காதை மறுபடி திறக்க வழியில்லை, மைக்கே சில்லோடு சேர்த்து வார்த்தது, ஒயர் ஒட்டக்கூட இடம் கிடையாது, அடுத்த வருடம் அருவி-3 வரும்போது எல்லோரையும் போலக் குலுக்கலுக்கு எழுதிப் போடலாம் என்று பதில் வந்தது.

அதுவரை என்ன செய்வாள். அந்தக் குரலிலேயே பேசினாள். நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருப்பேன், வீதியில் நான் கீரைக்காரியிடம் பேரம் பேசுவது கேட்கும். என் வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து அதற்குப் பதில் சொல்வார். இப்போதெல்லாம் என் பெண்டாட்டி எங்கே என்று இரண்டு வீட்டிலும் கேட்க வேண்டியிருக்கிறது என்று ஆபீசில் சொல்லிச் சிரித்திருக்கிறார். இன்னொரு தொல்லை, அவள் ஒரு வரி அடித்தால் அது இரண்டு வரி சேர்த்துப் பேசும். தண்ணீர் வரவில்லை என்று முனிசிபல் ஆளுக்கு அடித்திருக்கிறாள். இயந்திரம், தண்ணி வரலீங்க, நாலாவது வீதிக்கு மட்டும் எப்படி வருதுன்னு ஊருக்கே தெரியுமுங்க, நான் வேற சொல்லோணுமா என்று முடித்திருக்கிறது. மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தது. வீதியே சம்பூர்ணத்தைக் கொண்டாடியது. ஆனால் டைப் அடித்துவிட்டு அது பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பவள் முகம்.

ஒரு மாதம் நான் கேட் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் கொழுக்கட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நான் சொன்னது தப்பு கண்ணு என்றேன்.

அவள் இயந்திரத்தைத் தொடாமல் சிலேட்டை எடுத்தாள். 'உங்களிடம் மட்டும் எழுதித்தான் பேச முடியும். அதில் பேசினால் உங்களை நீங்களே திட்டிக்கொள்வது போலிருக்கும்.' நான் படித்து முடித்ததும் அழித்துவிட்டு, இன்னொரு வரி எழுதினாள். 'சொன்னது தப்பு. பொய்யில்லை.'

அடுத்த வருடம் அருவி-3 அறிவிப்பு வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் நான்காவதாக ஒரு ஆள் இருந்தது. கிளப்பின் முதல் உறுப்பினர் நான்தான். திரையில் எத்தனை வண்ணம், கேசட் சொருக எத்தனை வாய் என்று அவர்கள் அடித்துக்கொண்டார்கள். பெனடிக்டை நான்காவது முறை வாசிக்கச் சொன்னவள் நான். கடைசி வரிவரை வந்தான். செவி ஒரு முறை மட்டுமே.

மூன்று பேர் எழுதிப் போட்டால் விழுமா என்று சம்பூர்ணம் சிலேட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாள். விழாது. சரி, கணக்கு எனக்கு வராது, பேச்சு வரும். அடுத்த நாளே வீடு வீடாகப் போனேன். நான்கு வீதியிலும் நாற்பத்தொரு விண்ணப்பம் வாங்கினேன். கவுன்சிலர் மச்சினன்கூடக் கையெழுத்துப் போட்டான். குலுக்கலில் விழுந்தது ரேஷன் கடை கிளார்க்கின் பெயர். அவர் முதலில் கொடுக்க மாட்டேன் என்றார். நான் போய்ப் பத்து நிமிடம் தனியாகப் பேசினேன். பிறகு கொடுத்துவிட்டார். என்ன பேசினேன் என்பது அவருக்கும் எனக்கும் மண்ணெண்ணெய்க்கும் தெரியும்.

பெட்டி நேராகச் சம்பூர்ணம் வீட்டுக்கு வந்தது. நஞ்சப்பனைக் கிட்டே விடவில்லை. அவரே வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வீதிமுனையில் காவலுக்கு நின்றார். ஐஸ்வண்டி மணியை நிறுத்துவது அவர் பொறுப்பு. மறுமுனையில் பெனடிக்ட், சாணை பிடிக்கிறவனையும் பழைய பேப்பர்காரனையும் திருப்பி அனுப்ப. என்னை எங்கே நிறுத்துவது என்று பேச்சு வந்தது. வெளியே விட்டால் யாரிடமாவது பேசுவேன் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதனால் என்னை வீட்டுக்குள், அவள் எதிரிலேயே, ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். இந்த ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. தும்மக்கூடக் கூடாது.

சம்பூர்ணம் மஞ்சள் காகிதத்தைத் தன் கையால் உருவினாள். காது திறந்திருப்பதைக் காட்ட இதில் புதிதாக வைத்திருந்த பச்சை விளக்கு எரிந்தது. டேப் ரெக்கார்டர் பொத்தானை அழுத்தினாள்.

அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன். வணக்கம், விசாரணைப் பிரிவு என்று ஆரம்பித்தது. பூஜ்ஜியத்திலிருந்து நூறுவரை சொன்னது. கிழமை, மாதம், ஊர்ப் பெயர்கள். ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து வைத்த தம்ளர் மாதிரி. எனக்கு எதிரில் அவள் கையைக் கட்டிக்கொண்டு தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள், உதடு மட்டும் கூடவே அசைந்தது. முப்பதாவது நிமிடத்துக்கு முன்பே ஒரு பக்கம் முடிந்தது. கேசட்டைத் திருப்பிப் போடும் அவசரத்தில் மூடி சரியாக விழவில்லை. நான் மூச்சையும் நிறுத்தினேன். விழுந்தது.

இரண்டாம் பக்கம் வீட்டுப் பேச்சு. பால் வேண்டும், கதவைத் தட்டாதீர்கள், நாளைக்கு வாருங்கள், பரவாயில்லை, ரொம்ப நன்றி. ஒருத்தி ஆயுளுக்கும் என்னென்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று யோசித்து யோசித்துப் பேசியிருந்தாள். அதில் ஒரு சண்டை இல்லை, ஒரு சிரிப்பு இல்லை.

அப்புறம் குரல் நின்றது. கேசட் மட்டும் ஓடியது. மறுபடி அது பேசியபோது, அது விசாரணைப் பிரிவு இல்லை.

"இன்னும் மூணு நிமிஷம் இருக்குது. என்ன பேசறதுன்னு தெரியல. எல்லாம் சொல்லீட்டேன்." பெருமூச்சு. "எதுத்தாப்ல ரங்காக்கா கேட்டுல நிக்கறாங்க. இன்னைக்கு யாரு மாட்டறாங்களோ." ஒரு சிரிப்பு. பத்து வருடத்தில் அவள் சிரித்து நான் கேட்டதில்லை. "அக்கா, நீங்க ஒரு கேள்வி கேக்க வர்றீங்க, வர்றீங்க, வேற எதையோ கேட்டுட்டுப் போயிர்றீங்க. நான் ஏன் தனியா இருக்கறேன்னு. ஒரு தடவ கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க்கா. யாருகிட்டயாவது சொல்லோணும்னு எனக்கும் இருந்துச்சு. நாளான்னைக்கு ஆபரேஷன். அதனால இப்பவே சொல்லீர்றேன். எக்ஸ்சேஞ்சுல சேந்த புதுசுல..."

டக்.

அறுபது நிமிடம் என்று உறை மேல் போட்டிருந்தான். ஐம்பத்தெட்டுதான் சுற்றியிருக்கிறான். பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. என் வாய் தானாகத் திறந்தது. முந்தானையை எடுத்து உள்ளே திணித்தேன். சம்பூர்ணம் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தோள் குலுங்கியது, சத்தம் வராமல் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என் ஆயுளில் அவ்வளவு நீளமான இரண்டு நிமிடம் வேறு கிடையாது. மூன்று பிள்ளை பெற்றவள் சொல்கிறேன்.

விளக்கு அணைந்தது. முந்தானையை வெளியே இழுத்தேன்.

"அப்புறம்?" என்றேன்.

அவள் விரல்களைப் பொத்தான்கள் மேல் வைத்தாள். இயந்திரம் பேசியது. அவள் குரலில், கொஞ்சம் சிரிப்போடு.

"கதவச் சாத்தீட்டு வாங்க்கா. சொல்றேன்."

சாத்திவிட்டு வந்தேன். அவள் டைப் அடித்தாள், அது பேசியது, நான் கேட்டேன். இடையில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, இப்போது யாரும் என்னைத் தடுக்காதபோதும்.

வெளியே வந்தபோது நஞ்சப்பனும் பெனடிக்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வீதியில் பாதிப் பேர் அவர்களுக்குப் பின்னால். குரல் வந்துருச்சுங்களாக்கா என்றார் நஞ்சப்பன், கேட்கப் பயந்தவர் மாதிரி. வந்துவிட்டது, அவளுடையதேதான் என்றேன். அந்த ஆள் கேட்டிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"முதல்ல என்னங்க்கா பேசுச்சு?" என்றான் பெனடிக்ட்.

"காபி குடிக்கறீங்களான்னு கேட்டுச்சு."

"அரை மணி நேரமா கதவச் சாத்தி வெச்சிருந்தீங்களேங்க்கா."

"சிக்கரி எவ்வளவு போடறதுன்னு பேச்சு வந்துருச்சு தம்பி," என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போனேன்.